வேதாரண்யம் பக்கம் வெள்ளையாகத் தெரியும் அந்த வெளி சும்மா கிடக்கிறதா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் படத்தில் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் பார்த்திருக்கிறீர்கள். பச்சைக் கோடு, பழுப்புக் கோடு, மறுபடியும் பச்சைக் கோடு என்று நிலம் வரிவரியாகத் தெரிகிறது. கொஞ்ச தூரத்துக்குள்ளேயே நெல், மாந்தோப்பு, பூக்கொல்லை, உப்பளம், காடு எல்லாம் வந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே, கோடியக்கரையிலிருந்து மேற்கே அதிராம்பட்டினம் வரை ஒரு பெரிய வெள்ளை வெளி. "இவ்வளவு நிலத்தை ஏன் தரிசாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், சோலாராவது போடலாமே" என்று கேட்கிறீர்கள். கடைசியில், இந்த நிலம் வளர்ந்துகொண்டே போய் யாழ்ப்பாணத்தோடு ஒட்டிவிடும் என்கிறார்களே, உண்மையா என்றும் ஒரு வரி. பார்க்க மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்த ஊரில் எந்த மண் எதற்கு என்று யார் முடிவு செய்கிறார்கள்?

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பதினோரு வருடம் இந்தத் தாலுகாவில்தான் சங்கிலியும் லெவல் கருவியும் தூக்கிக்கொண்டு அலைந்தேன். மண்ணியல் படித்தவன் இல்லை, பறவை ஆராய்ச்சியாளனும் இல்லை. கால் வைத்து அளந்ததை உறுதியாகச் சொல்வேன்; படித்துத் தெரிந்துகொண்டதை, படித்தது என்றே சொல்வேன்.

முடிவு செய்வது உயரம். அதுவும் மலை, குன்று மாதிரி உயரம் இல்லை. கோடியக்கரையில் ராமர் பாதம் என்று ஒரு மேடு இருக்கிறது, அந்தப் பகுதியிலேயே உயரமான இடம் அதுதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர். ஒரு மாடி வீட்டின் உயரம்கூட வராது. பூஜ்யத்துக்கும் அந்த நாலு மீட்டருக்கும் நடுவில்தான் நீங்கள் படத்தில் பார்த்த அத்தனை நிறமும் அடங்கியிருக்கிறது. வேறு ஊரில் ஒரு முழம் ஏற்ற இறக்கம் என்றால் வரப்பு கட்டிச் சமாளித்துவிடுவார்கள். இங்கே ஒரு முழம் ஏறினால் மாமரம், ஒரு முழம் இறங்கினால் நெல், இன்னும் ஒரு முழம் இறங்கினால் உப்பு.

வரிவரியாகத் தெரிவது ஏன் என்றால், அவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தவை. கடல் ஒரு இடத்தில் நெடுநாள் நின்று மணலைக் குவிக்கும். பிறகு பின்வாங்கும், முன்னால் இன்னொரு மணல் வரியைக் குவிக்கும். இரண்டுக்கும் நடுவில் பள்ளம் தங்கிவிடும், அதில் வண்டலும் களியும் படியும். மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று அடுக்கடுக்காக இப்படித்தான் நிலம் உண்டானது. இதில் மண்ணியல்காரர்களுக்குள் பெரிய சண்டை கிடையாது. பழைய மணல் வரிகளில் கிடைத்த கிளிஞ்சல்களின் வயதைக் கணக்கிட்டுப் பார்த்ததில், உள்ளே திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருப்பவை சுமார் 6,000 ஆண்டு பழையவை என்றும், தெற்கே வர வர வயது குறைந்துகொண்டே போய் கோடியக்கரைப் பக்கம் சுமார் 1,000 ஆண்டுக்கு வந்துவிடுகிறது என்றும் 1998ல் வெளியான ஒரு ஆய்வு சொல்கிறது. இந்த எண்களுக்குத் திரும்ப வருகிறேன், அதில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது.

ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், கத்தரிப்புலம், செட்டிப்புலம், தென்னம்புலம். இன்னொரு பக்கம் தாணிக்கோட்டகம் மாதிரி 'கோட்டகம்' என்று முடிகிற பெயர்கள். நான் போய் நின்ற அளவில் 'புலம்' என்றால் பெரும்பாலும் மணல் மேடு, 'கோட்டகம்' என்றால் தண்ணீர் தங்கும் தாழ்வான நெல்வெளி. இது என் சொந்த அனுமானம், மொழியறிஞர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று பார்க்கவில்லை. ஆனால் புதிதாக வரும் சர்வேயர் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். படத்தை விரிக்கும் முன் ஊர்ப் பெயரைப் படி, பாதி லெவல் அதிலேயே எழுதியிருக்கும் என்பேன்.

மேட்டு மணலில் என்ன விசேஷம் என்றால், அடியில் நல்ல தண்ணீர். சுற்றிலும் உப்பு, கீழேயும் உப்பு, நடுவில் மட்டும் மழைத்தண்ணீர். ஐப்பசி கார்த்திகை மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கும். நல்ல தண்ணீர் எடை குறைவு, கடல் தண்ணீர் எடை கூடுதல், அவ்வளவுதான் சங்கதி. கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். பாடப்புத்தகக் கணக்கு இது. இங்கே மணல் அவ்வளவு ஆழம் போவதில்லை, இடையில் களி வந்துவிடுகிறது. அதனால் நிஜத்தில் இந்த நல்ல நீர் மெல்லிய தகடு மாதிரிதான். கையால் தோண்டினாலே சில இடங்களில் ஊறும். அதே இடத்தில் ஆழ்துளை போட்டு மோட்டார் வைத்து இழுத்தால் அந்த நாற்பது மடங்குக் கணக்கு தலைகீழாக வேலை செய்யும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு பல அடி ஏறி வரும். ஏறிய உப்பு திரும்ப இறங்க நாலைந்து நல்ல மழைக்காலம் ஆகும். சில கிணறுகளில் இறங்கவே இல்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதை எனக்குப் புரிய வைத்தது எந்தப் புத்தகமும் இல்லை, முல்லைப்பூ கொல்லை வைத்திருந்த ஒரு ஆச்சி. உட்பிரிவு அளக்கப் போயிருந்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும், சதுர மீட்டர் கணக்கில் சரிபாதி போட்டு விட்டேன். ஆச்சி வந்து நின்று பார்த்தது. "தம்பி, கோடு நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா அந்தக் கீழ் மூலையில பூ வராது. அத வாங்குறவன் என்ன செய்வான்?" என்றது. எனக்கு இரண்டும் ஒரே மாதிரி மணலாகத்தான் தெரிந்தது. அது ஒன்றும் பேசாமல் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு மேல் பக்கம் இருந்த குழியில் ஒரு வாய், கீழ் மூலைக் குழியில் ஒரு வாய் மொண்டு கொடுத்தது. மேல் தண்ணீர் இளநீர் மாதிரி. கீழே உள்ளது நாக்கில் பட்டதும் துப்பினேன். சந்தேகத்துக்கு லெவல் வைத்துப் பார்த்தேன். இரண்டு குழிக்கும் தரை உயர வித்தியாசம் நாற்பத்தொரு சென்டிமீட்டர். அன்றைக்குப் போட்ட கோட்டை அழித்துவிட்டு, இருவருக்கும் மேட்டிலும் தாழ்விலும் பங்கு வருகிற மாதிரி நீளவாக்கில் பிரித்தேன்.

அந்த மேட்டில் என்னென்ன வரும் என்றால் மா, முந்திரி, தென்னை, முல்லை, மல்லிகை, காய்கறி, நிலக்கடலை, பிறகு புகையிலை. வேதாரண்யம் வாய்ப்புகையிலைக்குத் தனிப் பெயர் உண்டு. மழை முடிந்து மார்கழி தை வாக்கில் நட்டு, பங்குனி சித்திரையில் வெட்டுவார்கள். அது ஓரளவு உவர்நீரையும் தாங்கும் என்பதால் கோடையில் தண்ணீர் ருசி மாறும்போதும் பயிர் நிற்கும். மணலில் தண்ணீர் தங்காது, ஊற்றினால் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கொல்லைக்குள்ளேயே குழி வெட்டி, குடத்தில் மொண்டு, செடி செடியாக ஊற்றுகிற வழக்கம் இருந்தது. பார்க்கப் பழைய முறை, கஷ்டமான முறை. ஆனால் அந்த மெல்லிய நீர்த் தகட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பாசனம் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரு ஆள் குடத்தால் எவ்வளவு எடுத்துவிட முடியும்?

பள்ளத்தில் நெல். காவிரியின் கடைமடை இது. மேட்டூரில் ஜூன் 12ல் திறந்தாலும் இங்கே தண்ணீர் எட்டிப் பார்க்கும்போது பல வருடம் ஆவணி தாண்டிவிடும், அதனால் பெரும்பாலும் சம்பா ஒரு போகம்தான். மற்ற நாட்களில் மாடு மேயும். உம்பளச்சேரி மாடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், உழவுக்குப் பேர் போன ரகம். உம்பளச்சேரி இந்தப் பக்கத்து ஊர்தான். சேற்றில் இறங்கி உழுகிற வலு அந்த மாட்டுக்கு எங்கிருந்து வந்தது என்பதை இந்தப் பள்ளங்களைப் பார்த்தால் புரியும். நெல்லைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, டெல்டா முழுக்க உள்ள கதைதான்.

உப்புக்கு வருவோம். உப்பளம் அமைய நல்ல மண் வேண்டும் என்றால் சிரிப்பீர்கள், ஆனால் வேண்டும். தண்ணீரை உறிஞ்சாத களி, மேசை மாதிரி சமதளம், நிற்காத காற்று, ஏழெட்டு மாதம் மழையில்லாத வானம். நாலும் சேர்ந்து அமைவது அபூர்வம். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் பக்கம் நாலும் சேர்கிறது. தண்ணீரில் உப்பின் அடர்த்தியை அளக்கும் போமே கருவியில் கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி காட்டும். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றிக் காயவிடுவார்கள். முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம். 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30க்கு மேல் விட்டால் மெக்னீசியம் கலந்து கசக்கும், அதனால் அதற்குள் அந்தக் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். பாத்தியின் ஒரு ஓரம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் போதும், ஒரு பக்கம் உப்பும் மறு பக்கம் வெறும் தண்ணீருமாக நிற்கும். தை, மாசியில் பாத்தியை மிதித்து இறுக்குவதே பெரிய வேலை. வரிசையாக ஆட்கள் நின்று கால் மாற்றி மாற்றி மிதிப்பதைப் பார்த்தால் ஒயிலாட்டம் மாதிரி இருக்கும். வெயிலில் அந்த வெள்ளைத் தரையின் கூச்சம் கண்ணுக்குள் இறங்கும்போதுதான் அது ஆட்டமில்லை என்று தெரியும். அக்டோபர் மழை வந்தால் கதை முடிந்தது, எடுக்காத உப்பு எல்லாம் வந்த வழியே போய்விடும்.

1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து ஏப்ரல் 13ல் நடக்கத் தொடங்கி 28ல் வேதாரண்யம் வந்து, 30ல் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கிளம்பிய இடத்தைவிட வந்து சேர்ந்த இடம்தான் என்னைப் போன்றவர்களுக்குச் சுவாரசியம். இந்தச் சதுப்பில் கோடையில் தண்ணீர் தானாகவே வற்றி, யாரும் பாத்தி கட்டாமலேயே உப்பு படிந்து கிடக்கும். கையால் அள்ளினால் போதும். அள்ளினால் குற்றம் என்று சட்டம் சொன்னது. போராட்டத்துக்கு இதைவிடத் தோதான தரை எங்கே கிடைக்கும்?

இப்போது உங்கள் வெள்ளை வெளி. அதற்குப் பொதுவாக வேதாரண்யம் பெருஞ்சதுப்பு என்று பெயர். கிழக்கு மேற்காக சுமார் 48 கிலோமீட்டர். தெற்கே பாக் நீரிணைக்கும் இதற்கும் நடுவில் ஒல்லியான ஒரு மணல் திட்டு, அங்கங்கே வாய் திறந்திருக்கும். மேற்கு முனையில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கிழக்கு முனையில் கோடியக்கரைக் காடு. நீங்கள் பார்த்தது கோடையில் எடுத்த படமாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அது உப்புப் பொருக்கு படிந்த வெறும் தரை, நடந்தால் மேல் ஓடு உடைந்து கணுக்கால் வரை கரும்சேறு. ஆனி ஆடியில் காற்று கடலைத் தள்ளும்போது ஒரு சாண் தண்ணீர் தகடு மாதிரி பரவி வரும், காற்று திரும்பினால் வடிந்துவிடும். ஐப்பசி பிறந்ததும் மழையும், முள்ளியாறு, வளவனாறு, மானங்கொண்டான் ஆறு போன்றவை கொண்டுவரும் வடிகால் தண்ணீரும் சேர்ந்து முழங்கால் அளவுக்கு நிற்கும். உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த அந்த நேரத்தில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வந்து வளரும். அவற்றைத் தேடிப் பூநாரையும் உள்ளானும் வரும். 2002ல் இதையும் கோடியக்கரைச் சரணாலயத்தையும் முத்துப்பேட்டையையும் சேர்த்து 38,500 ஹெக்டேரை ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தது இதனால்தான். சரணாலயம் அதற்கு முன்பே, 1967 ஜூனில், வெளிமான்களுக்காக அறிவிக்கப்பட்டது.

சரி, பறவைக்காக மட்டும் இவ்வளவு நிலமா என்று கேட்பீர்கள். பறவையை ஒரு பக்கம் வையுங்கள். டெல்டாவின் இந்த மூலையில் பெய்கிற மழையில் பெரும்பகுதி வடிந்து போக வேண்டிய இடம் இதுதான். மேலே உள்ள கோட்டகங்களுக்கு இது கொல்லைப்புற வாய்க்கால் மாதிரி. ஒருமுறை சதுப்பின் ஓரத்தில் இறால் குட்டை வைத்திருந்த ஒருவர், இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு கரையைக் குறுக்கே போட்டுவிட்டார். பெரிய கரைகூட இல்லை, சைக்கிளைத் தூக்கித் தாண்டிவிடலாம். அடுத்த மழைக்கு, அதிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்த கதிர் வந்த நெல் ஒன்பது நாள் தண்ணீருக்குள் நின்றது. கரை போட்டவருக்கும் நெல் போட்டவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. எல்லை அளக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எல்லையில் ஒரு தப்பும் இல்லை, கரை அவருடைய இடத்துக்குள்தான் இருந்தது. தப்பு லெவலில் இருந்தது, அதை அளக்கச் சொல்லி மனுவில் யாரும் எழுதவில்லை.

'தரிசு' என்ற வார்த்தையை நீங்கள் பயன்படுத்தியதால் இதையும் சொல்ல வேண்டும். ஊர் நிலங்களைச் சர்வே எண் வாரியாக எழுதி வைத்திருக்கும் வருவாய்த்துறை அ-பதிவேட்டில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இரண்டு உண்டு. தீர்வை என்றால் வரி. அதாவது அந்தச் சொல் வரிக் கணக்குக்காக உண்டான சொல். நிலம் பயனுள்ளதா இல்லையா என்று அது பேசவே இல்லை. வரி போட முடியாததை வெள்ளைக்காரன் காலத்தில் ஒரே பெட்டிக்குள் போட்டார்கள். இந்தச் சதுப்பில் ஒரு பெரும் பகுதியை அளக்கக்கூட இல்லை, 'அளவை செய்யப்படாத உப்புச் சதுப்பு' என்றே ஆவணங்களில் வருகிறது. அளந்து பழகியவனுக்கு அதைப் படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரும், கொஞ்சம் நிம்மதியும் வரும். அளக்காததால்தான் பல இடங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

சோலார், இறால் பண்ணை, ரிசார்ட் போன்ற யோசனைகளுக்குச் சட்டப்படி என்ன நிலை என்றால், 1996 டிசம்பரில் காந்தியவாதி ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் தொழில்முறை இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. பிறகு 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன, பதிவு செய்து நடத்தும் முறை வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991ல் வந்தது, 2011ல் ஒன்று, 2019 ஜனவரியில் ஒன்று என்று மாறிக்கொண்டே வருகிறது. அலையாத்தி, மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை, உயிருள்ள சேற்றுவெளி எல்லாம் அதில் மிகக் கடுமையான வகுப்பில் வருபவை. ஒரு குறிப்பிட்ட சர்வே எண் எந்த வகுப்பில் வருகிறது என்பதை நானோ வேறு யாருமோ இணையத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. நிலம் வாங்கும் எண்ணம் இருந்தால் பட்டாவையும் வில்லங்கத்தையும் மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். அ-பதிவேடு, புலப்படம் (அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடம்), கடலோர மண்டல வரைபடம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். உப்பளத்தில் மத்திய அரசு நிலம், குத்தகை நிலம், தனியார் பட்டா மூன்றும் வரப்பு தெரியாமல் அடுத்தடுத்துக் கிடக்கும், அங்கே இரட்டிப்பு எச்சரிக்கை.

உப்பளங்கள் விரிந்ததால் பூநாரை குறைந்தது என்று ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. சதுப்பின் தண்ணீர் போக்கு மாறியிருப்பது எனக்கே தெரியும். ஆனால் ஆற்றில் வருகிற நல்ல தண்ணீர் குறைந்தது, சீமைக்கருவேலம் ஏறியது, வரத்து வாய்க்கால் தூர்ந்தது எல்லாம் அதே காலத்தில் சேர்ந்து நடந்தவை. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. உப்புக்காரர்களை மட்டும் கைகாட்டுவது எனக்கு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

காடு ஒன்று பாக்கி. கோடியக்கரைக் காடு மேட்டு மணலில் நிற்பது. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பாலைக்காடு, பாலை மரம் அவ்வளவு. பாலைப்பழம் மஞ்சளாகச் சின்னதாக இருக்கும், சாப்பிட்டால் உதட்டில் பால் ஒட்டும். அந்த மரம் காற்றுக்கு முதுகைக் காட்டிக் குட்டையாக, இறுக்கமாக வளரும். 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது, காற்று மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர், இடையிடையே 140. மேட்டு நிலத்து மாவும் தென்னையும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மணலில் நல்ல தண்ணீர் மேலேயே கிடைப்பதால் வேர் ஆழம் போவதில்லை என்று ஊரில் சொல்வார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. காட்டிலும் மரங்கள் விழுந்தன. அந்தப் புயல் கடலடிச் சேற்றையும் அள்ளிக் கரையில் போட்டது. மணலாக இருந்த கடற்கரை பல இடங்களில் கருஞ்சேறாகிவிட்டது. உப்புப் பாத்திகளும் சேற்றுக்குள் போயின. 2004 சுனாமியில் நடந்தது வேறு. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், ஆனால் மாவட்டத்தின் கரை நெடுக மணல்மேடு உயரமாக இருந்த இடங்களில் அலை உள்ளே வருவது மட்டுப்பட்டது, முகத்துவாரம் வழியாகவும் மேடு கரைந்த இடங்கள் வழியாகவும்தான் பாய்ந்தது. அலைக்கு மேடு காவல். காற்றுக்கு மேட்டில் இருப்பவனே முதல் பலி.

கடைசியாக யாழ்ப்பாணம். மேலே சொன்ன 1998 ஆய்வில், கடல் இத்தனை ஆண்டில் இத்தனை தூரம் பின்வாங்கியிருக்கிறது, இதே வேகத்தில் போனால் சுமார் 400 ஆண்டில் வேதாரண்யக் கரை யாழ்ப்பாணத்தைத் தொட்டுவிடும் என்று ஒரு கணிப்பு வந்தது. செய்தித்தாள்காரர்கள் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான். நிலம் வளர்கிறது என்பது உறுதி. கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. தெற்கிலிருந்து வரும் பெரிய அலையை இலங்கை மறைத்துக்கொள்கிறது. பாக் நீரிணையோ ஆழமில்லாத கடல். வாடைக்காற்றில் வடக்கேயிருந்து இழுத்து வரப்படும் மணலும் சேறும் இந்த முக்கில் வேகம் குறைந்து தங்குவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆனால் 400 ஆண்டு என்பதை நான் நம்பவில்லை. முதலாவது, அது போன வேகத்தை அப்படியே நீட்டிப் போட்ட கணக்கு. அந்த ஆறாயிரம் ஆண்டில் காவிரியிலிருந்து வந்த வண்டல் இப்போது வருவதில்லை, 1934லிருந்து மேட்டூர் அணை பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கடல் மட்டமும் ஏறி வருகிறது. இரண்டாவது, என் சங்கடம். கோடியக்கரைக்கு சுமார் 1,000 ஆண்டு என்கிறார்கள். ஆனால் எட்டாம் நூற்றாண்டுச் சுந்தரர் கோடியக்கரையில் இருக்கும் கோடிக்குழகர் என்ற சிவன் கோயிலுக்குத் தேவாரம் பாடியிருக்கிறார். கடற்காற்று வந்து அறைகிற இந்தக் கரையில், அக்கம்பக்கத்தில் குடி இல்லாமல், யார் துணையென்று தனியாக உட்கார்ந்திருக்கிறீர் என்று இறைவனையே கேட்கிறார். அப்படியானால் 1,200 ஆண்டுக்கு முன்பே அங்கே கோயில் கட்டுகிற அளவுக்கு உறுதியான கரை இருந்திருக்கிறது. ஆய்வு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எடுத்த கிளிஞ்சல் இருந்த மணல் வரியின் வயது ஒன்று, அந்த முனையின் வயது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கி ஆண்டுக்கு இத்தனை மீட்டர் என்று வகுத்தால் கணக்கு இடறும். தவிர, நிலம் ஒரே சீராக வளர்வதில்லை. ஒரு பக்கம் வளரும்போதே பத்து கிலோமீட்டர் தள்ளிக் கடல் அரிக்கிறது. என் காலத்திலேயே, கடலோரம் நட்ட எல்லைக் கல் ஒன்றைத் தேடிப் போய் அது தண்ணீருக்குள் இருந்ததைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன்.

நேரில் வந்து பார்க்க ஆசை என்றால் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023லிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது, நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வருமுன் ஒரு காரியம் செய்யுங்கள். கணினியில் கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதி வாரியாகப் புரட்டும் வசதி இருக்கிறது. சிறுதலைக்காட்டுக்கு மேற்கே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு, ஏதாவது ஒரு மே மாதப் படத்தையும் ஒரு டிசம்பர் படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மேகம் மறைக்காத டிசம்பர் படம் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம், பொறுமையாகத் தேடினால் ஒன்றிரண்டு அகப்படும். நீங்கள் தரிசு என்று நினைத்த இடத்தில் கடல் நிற்கும்.